குரல் வராத கேசட்

முத்துப்பாண்டி: ...இந்தா, இப்பவும் பாருங்க மச்சான். உருமி கேக்குது, ஆர்மோனியம் கேக்குது. ஒங்க கொரல மட்டும் காணோம்!

சோணைமுத்து: டீ குடிக்கப் போயிருப்பேன் மாப்ள.

நாகஜோதி: தொண்டையில கட்டிய வச்சுக்கிட்டு எகடாசி வேறயா? பேசக்கூடாதுன்னு டாக்டரு சொன்னாருல்ல?

சோணைமுத்து: எங்க பேசுறேன்... மொனங்குறேன்.

முத்துப்பாண்டி: வண்டியச் சொல்லணும். எங்கப்பா காலத்து மாருதி... கேசட்ட விட்டா வேற எதையும் தின்னாது. அதுக்குன்னே வால் கணக்கா வயரு மொளச்ச கேசட்டா தேடி டவுன்ஹால் ரோட்டுல வாங்கியாந்து, அந்த வாலுல இந்தக் குட்டி பிளேயர மாட்டி... கொட்டாம்பட்டி தாண்டுறதுக்குள்ள மானத்த வாங்குது.

நாகஜோதி: என்னமோ வாலு, என்னமோ கேசட்டு. பேசாம செல்லுல போட்டிருக்கலாம்.

சோணைமுத்து: எங்க என் செல்லு? நீதேன புடுங்கி பைக்குள்ள வச்சிருக்க.

நாகஜோதி: ஆளாளுக்குப் போனப் போட்டு என்ன ஏதுன்னு கேப்பாக. நீங்க பதில் சொல்லிச் சொல்லியே தொண்ட புண்ணாகும். அதுக்குத்தேன்.

சோணைமுத்து: அதுக்குத்தேனா?

நாகஜோதி: வேற எதுக்காம்? டேய் பாண்டி, ரோட்டப் பாத்து ஓட்டுடா. லாரிக்காரன் ஏத்திறப் போறான்.

முத்துப்பாண்டி: பாத்துத்தேன் ஓட்டுறேங்க்கா. மச்சான், அந்த பிளேயர லேசாத் தட்டுங்க. கருப்பசாமியக் கூப்புடுற வர்ணிப்புப் பாட்டுல ஒங்க கொரல் இல்லேன்னா அது வர்ணிப்பா? கலியாண வீட்டு மேளம் மாதிரி இருக்கு.

சோணைமுத்து: தட்டிட்டேன். அப்புடியேதேன் இருக்கு... ஓடட்டும் விடு.

நாகஜோதி: ஓட வேணாம். ஆஃப் பண்ணுங்க.

சோணைமுத்து: ஏன் ஜோதி?

நாகஜோதி: கொரல் இல்லாமக் கேக்க... எனக்கு என்னமோ மாதிரி வருது. ஆப்பரேசனுக்குப் போற நேரத்துல இதென்ன சகுனம்?

சோணைமுத்து: சின்னக் கட்டிதேனன்னு நீதேன சொன்ன. அதுக்குப் போயி சகுனம் பாக்குற?

நாகஜோதி: சின்னக் கட்டிதேன்... பட்டாணி அம்புட்டுத்தேன் இருக்குமாம். நுள்ளி எடுத்துருவாகளாம்.

முத்துப்பாண்டி: ஆமா மச்சான். பல்லப் புடுங்குற மாதிரிதேன்.

சோணைமுத்து: அப்ப ஆடி வெள்ளிக்கு நம்ம கோயில்ல பாடிரலாம்.

நாகஜோதி: பாண்டி, கொஞ்சம் மெதுவாப் போடா.

சோணைமுத்து: பாடிரலாம்ல ஜோதி?

நாகஜோதி: பாடாம? நீங்க கூப்புடாம கருப்பன் எந்த வருசம் எறங்கியிருக்கான்?

சோணைமுத்து: போன வருசம் எனக்குக் காய்ச்சல்னு, இதே பாட்டத்தேன் ஸ்பீக்கர்ல போட்டு விட்டாய்ங்களாம். சாமியாடி நல்லகாமன் அருவாளக் கையில வச்சுக்கிட்டு அப்புடியே நின்னாராம்... கல்லு கணக்கா.

முத்துப்பாண்டி: நான் அங்கதேன் நின்னேன் மச்சான். "கேசட்டு கூப்புட்டா சாமி வருமாடா? ஆளக் கூட்டியாங்கடா"ன்னு அந்த மனுசன் அழுதே போயிட்டாரு. காய்ச்சலோட ஒங்களத் தூக்கிட்டுப் போயி ஒக்கார வச்சோம்... வாயத் தொறந்தீக, சாமி குதிச்சு எறங்குச்சு.

சோணைமுத்து: ம்... கேசட்டுக்கு எறங்காது.

நாகஜோதி: இப்ப எதுக்கு அந்தப் பேச்சு? மேலூரு வந்துருச்சு. ஓரமா நிப்பாட்டு பாண்டி, ஒரு வாய் தண்ணி குடிக்கணும்.

சோணைமுத்து: நானும் அப்புடி ஒதுங்கிட்டு வாரேன். பிளேயரு சீட்டுல கெடக்கு, பாத்துக்க மாப்ள.

முத்துப்பாண்டி: சரிங்க மச்சான், மெதுவா போயிட்டு வாங்க... அக்கா. ஏக்கா, இன்னமும் சொல்லலியா?

நாகஜோதி: எந்த வாயால சொல்லச் சொல்ற?

முத்துப்பாண்டி: நாளைக்குக் காலையில கத்தி வக்கப் போறாக. பட்டாணியாம், நுள்ளி எடுக்குறதாம்... நானும் கூடச் சேந்து புளுகுறேன். மனுசன் எந்திரிச்சு வாயத் தொறந்து, சத்தம் வரலேன்னா?

நாகஜோதி: சொன்னா வருவாராடா? கொரல் பொட்டியவே அறுத்து எடுத்துருவாகன்னு தெரிஞ்சா, "செத்தாலும் சாவேன், பாடிட்டுச் சாவேன்"னு கொட்டாம்பட்டியிலயே ஒக்காந்துருவாரு. எனக்கு அவரு உசுரோட வேணும்டா. ஊமையா இருந்தாலும் வேணும்.

முத்துப்பாண்டி: அப்பறம் ஒன் மூஞ்சியில முழிப்பாராக்கா?

நாகஜோதி: முழிக்காட்டிப் போறாரு. டாக்டரும் "இப்போதைக்கு அவருகிட்டச் சொல்லாதீங்கம்மா"ன்னுதேன் சொன்னாரு... தொண்டையில ஓட்ட போட்டு அது வழியா மூச்சு விட வப்பாகளாம். அதக் கேட்டுட்டு வந்ததுலருந்து எனக்குச் சோறு எறங்கல. நான் பாவி. ரெண்டு கையாலயும் அவரு கழுத்தப் புடிச்சு நெரிக்கிற மாதிரியே இருக்கு.

முத்துப்பாண்டி: அழாதக்கா, வந்துறப் போறாரு... அட! இங்க பாரேன்.

நாகஜோதி: என்னடா?

முத்துப்பாண்டி: இந்த வயரு... பின்னு பாதிதேன் உள்ள போயிருக்கு. இப்புடி இருந்தா மேளம் மட்டும் கேக்கும், பாடுற கொரலு காணாமப் போயிரும். கடைக்காரரு அன்னிக்கே சொன்னாரு. மச்சானும் எங்கூடத்தேன நின்னாரு... இந்தா, இப்ப அமுக்குறேன் பாரு.

நாகஜோதி: ஆத்தாடி...

முத்துப்பாண்டி: வந்துருச்சுல்ல! கேளு, எப்புடி எடுக்குறாரு பாரு! "மலையவிட்டு வாடா"ன்னு அவரு இழுக்குற இழுப்புக்கு என் கையெல்லாம் சிலுக்குதுக்கா.

நாகஜோதி: நிறுத்துடா... நிறுத்து! என்னால கேக்க முடியல.

முத்துப்பாண்டி: சரி, சரி...

நாகஜோதி: வேணாம், ஓடட்டும். இனிமே எங்க கேக்கப் போறேன்... கலியாணம் முடிச்சு வந்த புதுசுல, இந்தக் கொரலக் கேட்டுட்டுத்தேன்டா அவரு ஊர்ல இருந்தேன். ஒங்க யாரு நெனப்பும் வரல எனக்கு.

முத்துப்பாண்டி: அக்கா, வாராரு. கண்ணத் தொட.

சோணைமுத்து: என்ன, நான் இல்லாதப்ப நான் பாடிக்கிட்டு இருக்கேன் போல?

முத்துப்பாண்டி: பின்னு பாதியில நின்னுருக்கு மச்சான். அமுக்கி விட்டேன், கணீர்னு வந்துருச்சு. ஏறுங்க, ஒத்தக்கட போறவரைக்கும் கேட்டுக்கிட்டே போவோம்.

சோணைமுத்து: பிளேயர இங்கிட்டுக் கொடு. நான் மடியில வச்சுக்கிறேன்.

நாகஜோதி: தொண்டையில காத்து அடிக்கும், கண்ணாடிய ஏத்தி விடுங்க. துண்டப் போத்திக்கிருங்க.

சோணைமுத்து: போத்தியாச்சு, போத்தியாச்சு. நீ ஏன் மூஞ்சியெல்லாம் செவந்து கெடக்க?

நாகஜோதி: தூசி விழுந்துருச்சு.

சோணைமுத்து: ரெண்டு கண்ணுலயுமா?

முத்துப்பாண்டி: அக்காவுக்கு எப்பயுமே ரெண்டு கண்ணுலயுந்தேன் விழுகும் மச்சான்... இதென்ன, மறுபடியும் கொரலு போச்சே! இப்பத்தேன நல்லா வந்துச்சு!

சோணைமுத்து: மேடு பள்ளத்துல ஆடியிருக்கும்.

முத்துப்பாண்டி: நாலு வழிச் சாலை மச்சான், எண்ணெ ஊத்துன மாதிரி இருக்கு. எங்க மேடு, எங்க பள்ளம்? லேசா அமுக்குங்க.

சோணைமுத்து: அமுக்குறேன்...

முத்துப்பாண்டி: ஆங், வந்துருச்சு! ...அடச்சே, போச்சு.

சோணைமுத்து: பழைய வண்டி மாப்ள. அது என்ன பண்ணும்?

நாகஜோதி: ஏங்க.

சோணைமுத்து: ம்?

நாகஜோதி: அந்தத் துண்ட எடுங்க.

சோணைமுத்து: ஏசிய கூட வச்சிருக்கான், குளுருது ஜோதி.

நாகஜோதி: இந்த வண்டியில ஏசி ஏது? எடுங்கங்கறேன்ல... கையக் காட்டுங்க. ஐயோ... அந்த வயர நீங்களா உருவிக்கிட்டு வாரீக?

முத்துப்பாண்டி: மச்சான்...

நாகஜோதி: எதுக்குங்க? ஒங்க கொரல நீங்களே எதுக்குங்க இப்புடி...

சோணைமுத்து: வீட்ல ஏறுனதுலருந்து நாந்தேன் பாதி உருவி வச்சிருக்கேன். நான் இல்லாம அந்தப் பாட்டு எப்புடி இருக்கும்னு கேட்டுப் பழகிக்கிட்டு வாரேன்... டாக்டரு மொதல்ல எங்கிட்டத்தேன் சொன்னாரு ஜோதி. கட்டி மட்டும் இல்ல, கொரலே போயிரும்னு. ஒங்கிட்ட அதச் சொல்ல எனக்கு வாய் வரல. "நீங்களே அவகிட்டச் சொல்லிருங்க, எனக்குத் தெரியாதுங்கற மாதிரியே சொல்லுங்க"ன்னு நாந்தேன் அவரு கையப் புடிச்சேன். அழாத... கருப்பனக் கூப்புட ஊருக்குள்ள நாளப்பின்ன எவனாச்சும் வருவான். ஒன்னய நான் எப்புடிடி கூப்புடுவேன்?