வெளியே காயும் வெள்ளை வேட்டி

"அவரு இப்பம் வெள்ளை வேட்டிய வெளியதான் காயப்போடுதாராம், கேட்டியா!"

நாகர்கோவிலிலிருந்து மணவாளக்குறிச்சி போகும் சாயங்கால பஸ்ஸில், எனக்கு முன்சீட்டுப் பெண் இதை ஏதோ விசேஷம் போலச் சொன்னாள். அரைத் தூக்கத்தில் இருந்த நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த கூட்டுக்காரிக்கும் விளங்கவில்லை.

"அதுல என்னட்டி அதிசயம்?"

"அவரு வேலை பாக்குதது நிலக்கரியில கரண்ட் எடுக்க பிளான்ட்டுல்லா. குவாட்டர்ஸ்ல துணி காயப்போட்டா சாம்பலு வந்து விழும். சர்ச்சுக்குக்கூட கலர் சட்டையாக்கும் போட்டுட்டுப் போவாரு. பிள்ளைக்கு மூச்சு இழுப்பு வந்துதான நான் அவனத் தூக்கிட்டு ஊருக்கு வந்தேன்."

"இப்பம் சாம்பலு விழாதா?"

"புகைக்கூண்டுல சாம்பலப் பிடிக்க புது மெஷின் வச்சிருக்காவளாம். நான் நம்பணும்னு தெனமும் வேட்டியக் காயப்போட்டு, சாயங்காலம் போட்டோ எடுத்து அனுப்புதாரு. ஒரு மாசம் வெளுப்பாவே இருந்தா வாறேன்னு சொல்லியிருக்கேன்."

"போயிருவியா?"

"போணும் மக்கா. போன்ல மொகம் பாத்துப் பாத்து மடுத்துப் போச்சு. பிள்ளையும் போனத்தான் அப்பான்னு கூப்பிடுதான்."

அப்போது அவள் போன் சிணுங்கியது. படத்தைத் திறந்து இரண்டு விரலால் பெரிதாக்கினாள். நானும் கொஞ்சம் எட்டிப் பார்த்தேன்.

"வேட்டிக் கரைகிட்ட ஒரு கறுப்புப் புள்ளி கெடக்கே" என்றாள்.

"உனக்க போன் கண்ணாடியில உள்ள அழுக்காக்கும். தொடச்சுப் பாரு."

முந்தானையால் துடைத்தாள். வாயால் ஊதி, இன்னொரு தடவை அழுத்தித் துடைத்தாள். பிறகு படத்தை விரலால் மெல்ல நகர்த்தினாள்.

புள்ளியும் கூடவே நகர்ந்தது.