எண் மட்டும் ஏற்கும் கட்டம்

வெள்ளிக்கிழமை காலை ரொட்டி வாங்கி வருவது எங்கள் அலுவலகத்தில் முறைபோட்டுச் செய்கிற வேலை. அந்த வாரம் என் முறை. கசகசா தூவிய ரொட்டி பன்னிரண்டு, வெண்ணெய், கொஞ்சம் சீஸ். நீங்கள் கேட்டது இதுவல்ல என்று தெரியும். ஆனால் விஷயம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

யூட்லாந்து தீபகற்பத்தில் எங்கள் நகராட்சியின் கிணற்றுப் பதிவேடு என் பொறுப்பு. அரசு புதிய படிவம் கொண்டுவந்திருந்தது. ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு கட்டம்; கட்டம் ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்த வரி சிவப்பாகிவிடும். எல்லாம் சரியென்றால் பொதுமக்கள் பார்க்கும் வரைபடத்துக்குத் தானாகப் போகும். அங்கே நல்ல தண்ணீருக்குப் பச்சைப் புள்ளி. அந்த வெள்ளிக்கிழமைதான் கெடு. இரண்டாயிரத்துச் சொச்சம் கிணறுகளில் ஒன்றே ஒன்று சிவப்பாக நின்றது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தேன், எழுந்தேன், ஜன்னலைத் திறந்தேன், மூடினேன்.

வயல் உரத்திலிருந்து தண்ணீரில் இறங்கும் நைட்ரேட்டின் அளவுக்கான கட்டம் எண்ணை மட்டுமே ஏற்கும். ஓய்வுபெற்றுப் போன ஆய்வாளர் அதில், 'மிக அதிகம், கைக்குழந்தைக்கு ஆகாது' என்று எழுதி வைத்திருந்தார். மறுபடி அளக்க மூன்று வாரமாகும். நான் பூஜ்யம் போட்டேன்.

பக்கத்து மேசை வீபெகெ ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"ஏம்ப்பா, ஜீரோன்னா தண்ணி சுத்தம்னுல்ல ஆயிடும்?"

"அடுத்த மாசம் சரிபண்ணிடறேன்."

நம்பினாள். சிவப்பு போனது. ரொட்டியும் அன்றைக்கு நன்றாக இருந்தது.

அடுத்த மாதம் நான் திருத்தவில்லை. திருத்தினால் பழைய தவறு என் பெயரில் ஏறும். பதினெட்டு வருடம் ஒரு கரும்புள்ளி இல்லாமல் வேலை பார்த்தவன் நான்.

நவம்பரில் அந்தக் கிணறு இருக்கும் வீட்டிலிருந்து சிசெல் என்ற பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். குழந்தைக்கு ஐந்து வாரமாம், புட்டிப்பால் தொடங்குகிறார்களாம்.

"வரைபடத்துல பச்சையாத்தான் இருக்குங்க. ஆனாலும் மனசு கேக்கல. கிணத்துத் தண்ணியில பால் பவுடர் கலக்கலாமா?"

எந்தக் கிணறு என்று எனக்குத் தெரியும்.

"பச்சைன்னா கலக்கலாங்க," என்றேன். நன்றி சொல்லிப் போனை வைத்தாள்.

பதினோராவது நாள் குழந்தை நீலம் பாரித்து இறந்துபோனது. எனக்கும் வருத்தம்தான். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் அந்தக் கிணற்றின் பதிவைத் திறந்தேன். நைட்ரேட் கட்டத்தைத் தொடவில்லை. 'வீட்டில் வசிப்போர்' என்ற கட்டத்தில் மூன்றை அழித்து இரண்டு என்று போட்டேன். பதிவேட்டில் பொய் இருந்தால் எனக்குப் பிடிக்காது.