ஆனைக்கும் பானைக்கும் சரி

அந்த விளக்கைக் கொஞ்சம் இடதுபக்கம் நகர்த்தினால் நன்றாக இருக்கும். இப்போது என் மூக்கின் நிழல் வாய்மேல் விழுகிறது. பேசுகிறவனின் வாய் இருட்டில் இருந்தால், அவன் உண்மையைச் சொன்னாலும் பொய்போலத்தான் தெரியும். தொழில் பழக்கம், தப்பாக நினைக்காதீர்கள். இத்தனை வருடமாக நான்தான் ஆட்களை உட்கார வைத்து, மனசில் இருப்பதைக் கொட்டுங்கள் என்று சொல்லி வந்திருக்கிறேன். எதிர்ப்பக்க நாற்காலியில் உட்காருவது இதுதான் முதல் தடவை. வசதியாகத்தான் இருக்கிறது.

வக்கீல் வேண்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம். மறைக்க என்னிடம் எதுவும் இல்லை. 'இறக்கி வை' நிகழ்ச்சியை நீங்கள் பார்க்காவிட்டாலும் உங்கள் வீட்டில் பார்த்திருப்பார்கள். வாசலில் நிற்கிற காவலர்கூட என்னைக் கண்டதும், "சார், உங்க நிகழ்ச்சி ஓடறப்ப வீடு தீப்பிடிச்சாலும் எங்க மாமியார் எந்திரிக்க மாட்டாங்க" என்றார். அந்த அம்மாளுக்கு என் நன்றியைச் சொல்லச் சொன்னேன்.

நிகழ்ச்சி எளிமையானது. பருத்த உடம்புக்காரர்கள் சிலர் ஒரு பெரிய வீட்டில் தங்குவார்கள், ஓடுவார்கள், பாரம் தூக்குவார்கள், வாந்தி எடுப்பார்கள். வாரம் ஒருமுறை மேடையில் எடை பார்ப்போம். ஒருவர் தன் எடையில் நூற்றுக்கு எத்தனை பங்கு இறக்கினார் என்பதுதான் கணக்கு. குறைவாக இறக்கியவர் மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விட வேண்டும். நிகழ்ச்சியை வழங்கியது ஒரு ஐஸ்கிரீம் கம்பெனி. இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. அடுத்தவன் ஓடி வியர்ப்பதைப் பார்க்கும்போது மனிதனுக்கு ஐஸ்கிரீம் சாப்பிடத் தோன்றும் என்பதை அவர்கள் கண்டுபிடித்திருந்தார்கள், அவ்வளவுதான். எனக்கும் தொப்பை உண்டு. ஆனால் நான் போட்டியில் இல்லை.

எனக்கு நியாயம் முக்கியம். எடை இயந்திரத்தில் நான் கை வைத்ததே இல்லை. வேறு இடங்களில் இயந்திரத்தையே கூட்டிக் குறைப்பார்கள் என்று கேள்வி. அது ஏமாற்று வேலை. எங்கள் இயந்திரம் பொய் சொல்லாது. அதன்மேல் ஏறுகிற உடம்புகளைத்தான் நான் கொஞ்சம் சரிசெய்தேன்.

கணக்கு டீச்சரை ஆள் தேர்வின்போதுதான் முதலில் பார்த்தேன். குள்ளம், நல்ல பருமன், இரண்டு முழங்காலிலும் கட்டு. உட்காரச் சொன்னோம். கை வைத்த நாற்காலியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சார், இதுல உக்காந்தா எந்திரிக்கறப்ப இதுவும் என்கூடவே வரும். முக்காலி எதாவது இருக்கா?" என்றார். அறையே சிரித்தது. அந்த நொடியே நான் முடிவு செய்துவிட்டேன்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேலி செய்வார்களா என்று கேட்டேன்.

"செய்யாமலா? ஒருநாள் வகுப்புக்குப் போறேன், போர்டுல பெருசா ஒரு யானை. கீழ 'டீச்சர்'னு எழுதியிருக்கு. நான் அழிக்கல சார். வயிறு நல்ல வட்டமா இருந்துச்சு. இதோட விட்டம் இவ்வளவு, சுற்றளவு எவ்வளவுன்னு கேட்டு அன்னிக்குப் பாடத்தையே முடிச்சிட்டேன். வரைஞ்சவன்தான் முதல்ல விடை சொன்னான்."

"அப்புறம் தனியா போய் அழுதீங்க."

"இல்லையே. பசிச்சுது, சாப்பிடப் போனேன்."

அழாத குண்டு ஆளை ஜனங்கள் நம்ப மாட்டார்கள். யானையை வைத்துக்கொண்டு சுற்றளவை வெட்டினோம். கண்ணில் தூசி விழுந்து அவர் துடைத்துக்கொண்ட காட்சி ஒன்று கிடைத்தது. அதைப் பின்னால் ஒட்டி, மேலே கொஞ்சம் வயலின் போட்டோம். ஊரே அவரோடு அழுதது.

அவர் வந்தது பரிசுக்காக அல்ல, முழங்காலுக்காக. எடையைக் குறைக்காவிட்டால் சீக்கிரமே நடக்க முடியாது என்று அவருடைய வைத்தியர் சொல்லிவிட்டாராம். "நின்னுகிட்டுதான் கணக்கு நடத்தணும் சார். நான் உக்காந்தா கணக்கும் படுத்துக்கும்" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பு.

சிக்கல் இன்னொரு போட்டியாளரான பேக்கரிக்காரரால் வந்தது. ஆறடிக்கு மேல் உயரம், கதவளவு முதுகு. அந்த உடம்பிலிருந்து எடை ஒழுகின குடத்துத் தண்ணீர்போல இறங்கியது. வாராவாரம் அவர்தான் முதல். ஆசை காட்டுவதற்காக அவர் அறையில் கேக் வைத்துப் பார்த்தோம். குனிந்து மோந்தார். "வெண்ணெய் கம்மி சார். பழசு வேற" என்று சொல்லிவிட்டு ஓடப் போய்விட்டார். அப்படிப்பட்ட ஆளை வைத்துக்கொண்டு ஒருவன் எப்படி நிகழ்ச்சி நடத்துவது?

ஜனங்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். ஆண் உடம்பு சீக்கிரம் கரையும், பெண் உடம்பு பிடித்து வைத்துக்கொள்ளும், இரண்டையும் ஒரே போட்டியில் விடுவது என்ன நியாயம் என்று கேட்டார்கள். எனக்கு அது சுருக்கென்றது. அவர்கள் சொன்னது சரிதானே. ஆனைக்கும் பானைக்கும் சரியாக்க வேண்டியது என் பொறுப்பு என்று பட்டது.

முதலில் பேக்கரிக்காரரின் சாப்பாட்டில் உப்பைக் கூட்டச் சொன்னேன். உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும், எடை நிற்கும். உப்பு என்ன விஷமா? "என்னங்க, காய்கறிய கடல்ல கழுவுனீங்களா?" என்று சமையல் அறை வாசலில் நின்று கத்தினார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். அவர் என்னை நினைத்துக்கொண்டுதான் இருப்பார்.

ஆனால் ஒருவரை மட்டும் தட்டி வைப்பது நியாயமில்லை அல்லவா. மற்றவரைத் தூக்கியும் விட வேண்டும். டீச்சருக்குக் காலையில் எலுமிச்சைச் சாறு கொடுப்பது வழக்கம். அதில் நீர் மாத்திரையைக் கலந்தேன். உடம்பில் இருக்கிற நீரைப் பிரித்து வெளியே தள்ளுகிற மாத்திரை. கடையில் கேட்டால் கிடைக்கிற சமாச்சாரம்தான். வேறு யாரையும் பாவத்தில் இழுக்கக் கூடாது என்று நானே இடித்தேன், நானே கலக்கினேன், நானே கையில் கொடுத்தேன். "உங்களுக்கு எவ்வளவு வேல இருக்கு, இத வேற செய்யறீங்களே சார்" என்று ஒவ்வொரு முறையும் நன்றி சொல்லித்தான் குடித்தார்.

பலன் உடனே தெரிந்தது. டீச்சர் பேக்கரிக்காரரை நெருங்கினார், ஒரு வாரம் முந்தினார். ஊர் கொண்டாடியது. நான் மருந்தைக் கூட்டினேன்.

அவர் வேடிக்கையாகப் பேசுவதை எப்போது நிறுத்தினார் என்று எனக்குச் சரியாக நினைவில்லை. கன்னம் ஒட்டிவிட்டது. உதடு வெடித்திருந்தது. படி இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார். பயிற்சியாளர் அதை மன உறுதி என்றார். அந்தச் சொல் எனக்குப் பிடித்திருந்ததால் விளம்பரத்தில் போட்டோம்.

ஒருநாள் அவரே வந்து, வீட்டுக்குப் போய்விடுகிறேன் என்றார். இறுதிச் சுற்றுக்குச் சில நாள்தான் இருந்தது. சரி, முதலில் வீட்டுக்காரரிடம் பேசுங்கள் என்றேன். அங்கே போனில் நேராகப் பேச விடுவதில்லை. வீட்டார் பேசியதைப் பதிவு செய்து நாங்கள் போட்டுக் காட்டுவோம். டீச்சரின் கணவர் அச்சகத்தில் வேலை செய்கிறவர், அதிகம் பேசாதவர். அவர் அனுப்பியது இதுதான்: "நீ ஜெயிச்சுட்டு வரணும்னு எனக்கு ஒரு ஆசையும் இல்லம்மா. டிவில பாக்கறப்ப பயமா இருக்கு. வீட்டுக்கு வந்துடு."

நாங்கள் எதையும் சேர்க்கவில்லை. சேர்ப்பது பித்தலாட்டம். 'வரணும்னு' என்பதில் 'னு' என்ற ஒரே ஓர் எழுத்துக்கு முன்னால் நிறுத்திக்கொண்டோம். "நீ ஜெயிச்சுட்டு வரணும்." அவர் குரல், அவர் வார்த்தை. டீச்சர் அதை மறுபடி போடச் சொல்லிக் கேட்டார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "கல்யாணமானதுலேர்ந்து இந்த மனுஷன் என்கிட்ட இது வேணும்னு ஒண்ணுமே கேட்டதில்ல சார். இத ஒண்ணு கேட்டிருக்காரு. இருக்கேன்."

இந்த முறை நிஜமாகவே அழுதார். கேமரா தயாராக இருந்தது.

எங்கள் நிகழ்ச்சியின் டாக்டரம்மாவைப் பற்றிக் கேட்டீர்கள். அவர் நல்லவர், கொஞ்சம் பதற்றக்காரர். இறுதிச் சுற்றுக்கு முந்தின நாள் டீச்சரைச் சோதித்துவிட்டு என் அறைக்கு வந்தார். உட்காரவில்லை.

"சார், அந்தம்மா உடம்புல தண்ணியே இல்ல. ரத்தத்துல உப்புச்சத்தெல்லாம் தாறுமாறா கிடக்கு. நெஞ்சுத் துடிப்பு தாளம் தப்புது. என்ன சாப்பிடறாங்க அவங்க?"

"எல்லாரும் சாப்பிடறததான்."

"இப்பவே ஆஸ்பத்திரில சேக்கணும். மேடை ஏத்தினீங்கன்னா உயிருக்கு உத்தரவாதம் இல்ல. புரியுதா?"

புரிந்தது. அவர் அழகாக, தெளிவாகச் சொன்னார். நானே கூட்டிப்போய்ச் சேர்க்கிறேன் என்றேன். அவர் கண் முன்னாலேயே டீச்சரைக் காரில் ஏற்றினேன். கார் முன்வாசல் வழியாகப் போய், அரங்கத்தைச் சுற்றி, பின்வாசல் வழியாக உள்ளே வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகவில்லையா என்று டீச்சர் கேட்டார். போட்டி முடிந்ததும் போகலாம் என்றேன். தலையாட்டினார். டாக்டரம்மாவுக்கு, சேர்த்தாயிற்று, நீங்கள் ஓய்வெடுங்கள் என்று தகவல் அனுப்பினேன்.

நிபந்தனைப்படி மேடையருகே ஒரு டாக்டர் இருந்தாக வேண்டும். எனக்குத் தெரிந்த பல் டாக்டர் ஒருவரை வரவழைத்தேன். பல் டாக்டரும் டாக்டர்தான். சொல்லப்போனால் வெள்ளைக் கோட்டு அவருக்குத்தான் எடுப்பாக இருந்தது.

இறுதிச் சுற்று. அரங்கம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் டீச்சரின் கணவர் இஸ்திரி போட்ட சட்டையோடு, மடியில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். எடை பார்க்கும்வரை இரண்டு போட்டியாளர்களுக்கும் தண்ணீர் கிடையாது. முடிவை அறிவிக்கும்வரையிலும் கிடையாது, ஏனென்றால் தோற்றவர் மறுஎடை கேட்கலாம். இது விதி. நான் எழுதிய விதிதான், ஆனால் இருவருக்கும் பொது.

பேக்கரிக்காரர் ஏறி இறங்கினார். பிறகு டீச்சர் ஏறினார். நூற்றில் அரைப் பங்குக்கும் குறைவான வித்தியாசத்தில் டீச்சர் முந்தியிருந்தார். எண்கள் திரையில் வருவதற்கு முன்னால் எனக்கு வந்துவிடும், நான் மேடையின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். இதைவிட நெருக்கமான போட்டியை நீங்கள் பார்த்திருக்க முடியாது. அறிவிப்பாளர் இழுத்து இழுத்துப் பேசிக்கொண்டிருந்தபோது டீச்சரின் கால் மடங்கியது. அப்படியே உட்கார்ந்தார், பிறகு சாய்ந்தார். சந்தோஷத்தில் மயங்கிவிட்டார் என்று கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது.

கணவர் ஓடிவந்தார். அவர் குறுக்கே வந்தால் காட்சி கெட்டுவிடும் என்று பிடிக்கச் சொன்னது நான்தான். காவலாளிகள் இருவர் பிடித்துக்கொண்டார்கள். "அவளுக்கு என்னமோ ஆகுது, விடுங்கய்யா" என்று அவர் கத்தியது கைதட்டலில் யாருக்கும் கேட்கவில்லை. பல் டாக்டர் என்னைப் பார்த்தார். நான் பொறு என்று கை காட்டினேன். அவர் பொறுத்தார்.

நான் போய் டீச்சர் பக்கத்தில் மண்டியிட்டேன். கண் திறந்திருந்தது. என்னை அடையாளம் தெரிந்தது. "தண்ணி" என்றார். என் கையில் பாட்டில் இருந்தது, என்னுடையது.

இதைத்தானே நீங்கள் கேட்க வந்தீர்கள். ஆமாம். அவர் செத்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். டாக்டரம்மா சொல்லியிருந்தார், நானும் கேட்டிருந்தேன். ஏன் என்றும் எனக்கு மட்டும்தான் தெரியும், ஏனென்றால் கலக்கியது நான்.

பேக்கரிக்காரர் மேடையின் அந்தப் பக்கத்திலிருந்து ஓடிவந்து பாட்டிலைப் பிடுங்கப் பார்த்தார். "நான் தோத்துட்டேன்னே வச்சுக்குங்க. மறுஎடை ஒண்ணும் நான் கேக்கல. ஒரு வாய் குடுங்க சார்" என்றார். பெரிய மனசுதான். அழுதும்விட்டார், பாவம். ஆனால் போட்டியாளர் இரக்கப்பட்டால் விதி வளையலாமா? அறிவிப்பு இன்னும் முடியவில்லை. பாட்டிலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். அறிவிப்பாளர் டீச்சரின் பெயரைச் சொன்னார், காகிதப் பூ கொட்டியது. அதற்குள் அவருக்குத் தண்ணீர் தேவைப்படாமல் போய்விட்டது.

எழுதிக்கொள்கிறீர்களா? இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், பின்னால் யாரும் என்னைப் பாரபட்சக்காரன் என்று சொல்லிவிடக் கூடாது. அன்றைக்குப் பேக்கரிக்காரரும் நாக்கு வறண்டுதான் நின்றார். அவருக்கும் நான் ஒரு சொட்டுக் கொடுக்கவில்லை.