இரண்டாவது கையெழுத்து

செக் தாளை விரலில் எச்சில் தொட்டுப் புரட்டுவது என் தங்கைக்குப் பிடிக்காது. "பேங்க்ல இருக்கறவங்க பாவம்க்கா. அவங்களும் அதைக் கையால தொடணும்ல?" என்பாள். அதற்காகவே ஈரப் பஞ்சு வைத்த சின்னக் கிண்ணம் ஒன்றை வாங்கி வந்து மேசையில் வைத்தாள். இதோ, உங்கள் முழங்கைக்குப் பக்கத்தில் இருப்பது அதுதான். பஞ்சு காய்ந்துபோய்விட்டது.

எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம் என்றீர்கள். நான் வியாழக்கிழமைகளிலிருந்து தொடங்குகிறேன்.

எங்கள் அப்பா ஆரம்பித்த அறக்கட்டளை மிகச் சிறியது. அலுவலகம் என்று தனியாக ஒன்றும் கிடையாது, இந்த முன்னறைதான். சில பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம், சிலருக்கு மருந்து, சிலருக்குக் கண்ணாடி. அப்பா போவதற்கு முன் பத்திரத்தில் ஒரு வரி சேர்த்தார். எந்தப் பணம் வெளியே போனாலும் இரண்டு மகள்களும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். மற்றவர்கள் அதைக் கண்டிப்பு என்று நினைத்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அம்மா தவறியபோது தங்கைக்கு எட்டு வயது. அவளுக்குத் தலை பின்னியதும், பரீட்சைக்கு எழுப்பிவிட்டதும், கல்யாணம் செய்து அனுப்பியதும் நான்தான். எனக்கு வந்த இரண்டு வரன்களை "இவளை யாரு பாத்துக்குவா" என்று நானே தட்டிக் கழித்தேன். அதை ஒரு குறையாக இப்போது சொல்லவில்லை. கல்யாணமான பெண்ணுக்கு அக்கா வீட்டுக்கு வர ஒரு காரணம் தேவைப்படும் என்று அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. அவ்வளவுதான்.

ஆகவே வியாழன்தோறும் பதினோரு மணிக்கு அவள் வருவாள். செருப்பைக் கழற்றும்போதே பேச்சு ஆரம்பமாகிவிடும். அவள் வீட்டுக்காரரின் குறட்டை, மருமகளின் உப்பில்லாத சமையல், பேத்தி சுவரில் கிறுக்கியது. நான் செக் எழுதுவேன். என் கையெழுத்து முதலில், அவளுடையது இரண்டாவதாக. நான் மெதுவாக எழுதுவேன்.

"என்னக்கா, செக் எழுதுறியா, கோலம் போடுறியா?" என்பாள்.

"தப்பாயிடக் கூடாதுல்லடி."

சில சமயம் தப்பாகிவிடும். எழுத்தில் ஒரு தொகை, எண்ணில் ஒரு தொகை. வங்கி திருப்பி அனுப்பிவிடும். திங்கட்கிழமை அவள் இன்னொரு தடவை வருவாள். அதெல்லாம் தற்செயலா என்று நீங்கள் கேட்கப் போகிறீர்கள். முதல் தடவை தற்செயல். அதனால் யாருக்கும் ஒரு கஷ்டமும் வந்ததில்லை. மருந்துக் கடைக்காரர் எங்களை முப்பது வருஷமாக அறிந்தவர், நான்கு நாள் பொறுத்துக்கொள்வார்.

போன வருஷம் வங்கியிலிருந்து கடிதம் வந்தது. இனிமேல் செக் புத்தகம் தர மாட்டார்களாம். எங்களைப் போன்ற சின்ன அமைப்புகளும் கணினி வழியாகவே பணம் அனுப்ப வேண்டுமாம். இரண்டு பேரும் போனோம். கவுன்டரில் இருந்த பெண் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். ஒருவர் வீட்டிலிருந்தபடியே கணக்கு எண்ணையும் தொகையையும் பதிய வேண்டும். இன்னொருவர் போனில் அது வந்து நிற்கும். அவர் தன்னிடம் உள்ள பில்லோடு எண்ணை ஒத்துப் பார்த்துவிட்டு, சரி என்று அழுத்த வேண்டும். இரண்டு பேரும் சேராமல் பணம் நகராது. பத்திரத்தில் அப்பா எழுதியதற்கு ஒரு குறையும் வராது.

தங்கைக்கு வாய் கொள்ளாத சிரிப்பு. "ரெண்டு பஸ் மாறி வர்ற அலைச்சல் மிச்சம்க்கா" என்றாள்.

அலைச்சல் என்றாள். திரும்பி வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தச் சொல்லை எத்தனையோ தடவை திருப்பிப் பார்த்தேன். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவளுக்கு முழங்கால் வலி உண்டு.

அடுத்த வியாழக்கிழமை பதினோரு மணிக்கு நான் பதிந்தேன். போன் வந்தது. "வந்துருச்சுக்கா. அழுத்திட்டேன். வச்சிடவா? குட்டி அழுவுறா." அவ்வளவுதான். காபிக்கு இரண்டு கோப்பை எடுத்து வைத்திருந்தேன். ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைத்தேன்.

இப்படி ஐந்து மாதம் போனது. கூப்பிட்டுப் பார்க்காமல் இல்லை. "ஞாயித்துக்கிழமை வர்றேன்க்கா" என்பாள். ஞாயிற்றுக்கிழமைக்கு அவள் வீட்டில் ஆயிரம் வேலை. "நீ இங்க வாயேன்" என்பாள். போனால் நான் விருந்தாளி. அவள் வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, "உடம்பெல்லாம் எப்படி இருக்கு?" என்று கேட்பார். ஒரு மனுஷியை அதைவிட மரியாதையாக வெளியே அனுப்ப முடியாது. ஒன்றும் செய்ய முடியாமல் வீட்டுக்கு வந்து இந்த நாற்காலியில் உட்காருவேன்.

பிறகு ஒருநாள் அச்சகத்துக்குப் பணம் அனுப்பும்போது கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் மாறிப்போனது. அது உண்மையிலேயே தவறு. அவளும் பார்க்காமல் அழுத்திவிட்டாள். மூன்றாம் நாள் பணம் திரும்பி வந்தது. இரண்டு பேரும் வங்கிக்குப் போனோம். அங்கே அவள் பேத்தியோடு போனில் பேச வெளியே போனபோது, கவுன்டர் பெண் என்னிடம் சொன்னாள்: "இதுக்காக நீங்க நேர்ல வரணும்னே இல்லம்மா. சரியான நம்பரைப் போட்டு மறுபடி அனுப்பிட்டா ஒரு நிமிஷத்துல முடிஞ்சிடும்."

அதைத் தங்கையிடம் நான் சொல்லவில்லை. "திரும்பி வந்தா ரெண்டு பேரும் நேர்ல வந்து எழுதிக் குடுக்கணுமாம்டி" என்றேன். அன்று மதியம் வரை அவள் என்னோடு இருந்தாள். என் மடியில் காலை நீட்டி, முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிடச் சொன்னாள்.

இனித் தையல் டீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்காகத்தானே வந்திருக்கிறீர்கள்.

பள்ளியில் தையல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். மூன்றாவது மாடியில் தனியாக இருந்தார். நுரையீரல் பழுது. வீட்டில் ஓர் ஆக்சிஜன் மெஷின் வேண்டும், அதற்கு மாத வாடகை. அந்த வாடகையை நாங்கள் கட்டினோம். மாதாமாதம் போன் செய்து நன்றி சொல்வார். மூச்சு வாங்கும், நடுநடுவே நிறுத்துவார். "உங்க ரெண்டு பேருக்கும்... ஆளுக்கொரு ரவிக்கை... தச்சுத் தரணும் கண்ணு. அளவு மட்டும் சொல்லு." தங்கை பெருத்துவிட்டாள் என்று நான் சொல்ல, அவர் சிரிக்கப் போய் இருமல் வந்துவிட்டது. நல்ல மனுஷி. எனக்கு அவர்மேல் ஒரு வருத்தமும் இருந்ததில்லை.

மெஷின் கம்பெனி தன் வங்கிக் கணக்கை மாற்றியது. புதிய எண்ணைக் கடிதமாக அனுப்பியிருந்தார்கள். அதன் பிரதி ஒன்றைத் தங்கைக்கும் அனுப்பினேன். கடிதத்தின் அடியில் இருந்ததையும் நான் படித்தேன்: ஐந்தாம் தேதி காலைக்குள் வாடகை வராவிட்டால் மெஷின் திரும்ப எடுத்துக்கொள்ளப்படும். முன்பெல்லாம் செக் வாங்க ஓர் ஆள் வருவார், நிலைமையைச் சொன்னால் கேட்டுக்கொள்வார். இப்போது ஆளே இல்லை. பணம் வந்ததா, வரவில்லையா என்பது மட்டும்தான்.

அந்த எண் ஏழில் முடியும். நான் ஒன்று என்று பதிந்தேன். கண் மங்கல் என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன். என் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை.

தங்கை வழக்கம்போல அழுத்தினாள். அழுத்துவாள் என்று எனக்குத் தெரியும். நான் வைத்த சாப்பாட்டில் என்ன இருக்கிறது என்று அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.

செவ்வாய்க்கிழமை பணம் திரும்பி வந்தது. ஐந்தாம் தேதி புதன். தங்கையைக் கூப்பிட்டு, "வியாழக்கிழமை வந்துடு, பேங்க்குக்குப் போகணும்" என்றேன். "ஐயோ மறுபடியுமா? சரி வர்றேன்" என்றாள். அந்தச் சலிப்பிலும் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது.

புதன் மதியம் தையல் டீச்சர் போன் செய்தார். "கண்ணு... மெஷினை எடுத்துட்டுப் போயிட்டாங்க. பணம்... வரலையாம். சின்ன சிலிண்டர் ஒண்ணு இருக்கு. காலை வரைக்கும்... வருமாம்."

"நாளைக்கு வியாழக்கிழமை டீச்சர். தங்கச்சி வந்ததும் முதல் வேலையா முடிச்சிடுறோம்" என்றேன்.

"சரி கண்ணு. நீ சொன்னா... சரிதான்."

கணினி இந்த மேசையில்தான் இருந்தது. ஏழு என்று பதிந்து, தங்கையை அழுத்தச் சொல்லியிருந்தால் அன்று மாலையே மெஷின் டீச்சர் வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கும். ஒரு நிமிஷ வேலை. அது எனக்குத் தெரியும். ஆனால் அனுப்பிவிட்டால் அவள் வர வேண்டிய அவசியம் இல்லாமல் போய்விடும். நான் கணினியை மூடித் துணியைப் போர்த்தினேன். கடைக்குப் போய் அவளுக்குப் பிடித்த பிஸ்கட் வாங்கி வந்தேன்.

வியாழக்கிழமை பத்து மணிக்குக் கீழ்வீட்டுக்காரர் போன் செய்து, டீச்சர் போய்விட்டார் என்றார். அப்போது நான் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இரண்டையும் துடைத்து முடித்தேன்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். பதிந்தது நான், சரி பார்த்தது அவள். விதிப்படி ஒத்துப் பார்க்க வேண்டியது இரண்டாவது ஆள்தான். "நான் பாக்கவே இல்லக்கா. கண்ணை மூடிக்கிட்டு அழுத்திட்டேன். நான்தான் கொன்னுட்டேன்" என்று இந்தத் தரையில் உட்கார்ந்து அழுதாள். அவள் வீட்டில் யாருக்கும் அவளைத் தேற்றத் தெரியவில்லை. அதனால் இங்கே வந்தாள். தினமும் வந்தாள். தட்டில் சோறு பிசைந்து ஊட்டினால்தான் இரண்டு வாய் சாப்பிட்டாள். எட்டு வயதில் பின்னியதுபோலவே தலை பின்னிவிட்டேன். நரை கூடிவிட்டது, ஆனால் அதே உச்சி, அதே சுழி. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். சீப்பைக் கீழே வைத்ததும் சொல்லலாம் என்று நினைப்பேன். இருபத்திரண்டு நாள் பின்னினேன்.

நேற்று நீங்கள் இரண்டு விஷயம் சொன்னீர்கள். பொறுப்பு முழுவதும் தன்னுடையது என்று அவள் எழுதிக் கொடுத்துவிட்டாள் என்றீர்கள். இந்த விசாரணை முடிந்ததும் மகன் அவளை வெளிநாட்டுக்குத் தன்னோடு கூட்டிப்போகிறான் என்றும் சொன்னீர்கள். இரண்டாவது விஷயத்தை அவள் என்னிடம் சொல்லவே இல்லை.

அதனால்தான் இன்று காலை உங்களைக் கூப்பிட்டேன். அவள்மேல் பழி இருக்கக் கூடாது. தெரிந்தே எண்ணை மாற்றினேன், தெரிந்தே ஒரு நாள் காத்திருந்தேன். தையல் டீச்சர் என்னால்தான் செத்தார். இது முழுக்க முழுக்க என் தங்கையின் நல்லதுக்காக நான் சொல்வது. இதில் எனக்கென்று எதுவும் இல்லை.

தாளைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். மேலே போட்டுவிட்டேன், பார்த்தீர்களா? கீழே இடம் விட்டிருக்கிறேன். என் கையெழுத்து மட்டும் இருந்தால் எங்கள் வீட்டில் எந்தக் காகிதமும் செல்லாது என்று சொன்னேனே. அவளைக் கூப்பிடுங்கள். போனில் அழுத்துவதெல்லாம் சரிவராது, நேரில் வந்துதான் போட வேண்டும் என்று சொல்லுங்கள். இன்று வியாழக்கிழமைதான். பதினோரு மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது, அதற்குள் நான் அந்தப் பஞ்சை நனைத்து வைத்துவிடுகிறேன்.