நகத்துக்குத் தெரியாத கோடு

"நகத்தை நம்பி மோசம் போயிட்டேன், மாமே."

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆவடி பஸ் ஏறி உட்கார்ந்ததும் இதுதான் காதில் விழுந்தது. முன் சீட்டில் கம்பெனிச் சட்டை போட்ட இருவர். சொன்னவர் மீசைக்காரர், கேட்டவர் ஒல்லியானவர்.

"இன்னா ஆச்சு மச்சான்?"

"ஷாஃப்ட்ல கோடு போடுற ரோலர் ரெண்டும் சாணை புடிச்சு வந்துச்சுல்ல, இடம் மாத்தி மாட்டிட்டேன். உழுந்த கோடெல்லாம் எதிர்ப்பக்கம் சாஞ்சுகீது."

"செக் பண்ணலியா?"

"எப்பவும் போல நகத்தால தடவுனேன். கோடு தட்டுச்சு, உட்டுட்டேன். முடி மாதிரி கோடு, எந்தப் பக்கம் சாயுதுன்னு நகத்துக்கு எப்டித் தெரியும்? கெளம்பறப்பதான் ரோலர் நம்பரையே பாத்தேன்."

"சுத்தும்போது அந்தக் கோடுதானே எண்ணெயை உள்ள இழுக்கணும்?"

"இது வெளிய தள்ளிடும். காஞ்சு போய் நின்னுடும்."

ஒல்லியானவர் குரலைத் தாழ்த்தினார். "இந்த ஷாஃப்ட் எதுக்குப் போவுது?"

"ஆஸ்பத்திரில மூச்சு உட முடியாதவங்களுக்கு வெப்பாங்கள்ல, அந்த மெஷினுக்கு. உள்ள கீற ஃபேனுக்கு."

ஒல்லியானவர் கண்டக்டரிடம் இரண்டு டிக்கெட் வாங்கிவிட்டு மீசைக்காரர் பக்கம் திரும்பினார்.

"கம்பெனி ஸ்டோருக்கு போன் போடு."

"வேலை போயிடும்டா."

"போடுறியா, நான் போடவா?"

மீசைக்காரர் போட்டார். "சார், இன்னிக்கு ஓட்டுன ஷாஃப்ட் தனியாதானே கீது?" என்றார். மறுமுனையில் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். போனை மடியில் வைத்தார்.

"இன்னாவாம்?"

"நேத்து போட்ட நல்லதோட சேத்துக் கொட்டிட்டாங்களாம். பாதி பொட்டி லாரில கெளம்பிடுச்சாம்."

பிறகு அவர் தன் கட்டைவிரல் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.