இரண்டு கைதட்டல்

பெயரும் தகப்பனார் பெயரும் தனித்தாளில் எழுதி இணைக்கப்பட்டுள்ளன. வயது ஐம்பத்தொன்று. தொழில் பேருந்து ஓட்டுநர். பணிமனையில் அழைக்கும் பெயர் "பிரேக்கு". குடியிருப்பு ஏழாவது குறுக்குத் தெரு, இரண்டாம் மாடி, பின்பக்க வீடு. கடந்த திங்கட்கிழமை கொடுத்த வாக்குமூலத்தில் ஒரு பொய் இருப்பதாகத் தாமாகவே வந்து தெரிவித்ததால், இன்று புதன்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு இந்த இரண்டாம் வாக்குமூலம் பதிவு செய்யப்படுகிறது. அவர் கூறியதாவது:

நான் மேற்கண்ட முகவரியில் என் மனைவியுடன் வசித்து வருகிறேன். இருபத்திரண்டு வருடமாகப் பேருந்து ஓட்டுகிறேன். நான் பிரேக் போட்டால் கம்பியைப் பிடிக்காமல் நிற்பவர் கூட ஆட மாட்டார் என்பதால்தான் எனக்கு அந்தப் பெயர். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. என் வண்டியில் இதுவரை ஒரு ஆள் கூட விழுந்ததில்லை என்பதை எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன்.

என் மனைவி ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் சலவை நிலையத்தில் இஸ்திரிப் பிரிவில் வேலை செய்கிறாள். அவள் நாள் முழுவதும் நின்றுகொண்டே இருப்பவள், நான் நாள் முழுவதும் உட்கார்ந்துகொண்டே இருப்பவன். வீட்டுக்கு வந்தால் அவள் உட்காரப் பார்ப்பாள், நான் நடக்கப் பார்ப்பேன். மூன்று மாதத்துக்கு முன் அவள் ஒரு நோட்டீஸைக் கொண்டு வந்து, "என்னங்க, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஒரே மாதிரி அசையற மாதிரி ஏதாவது செய்வோமா" என்று கேட்டாள். அது சல்சா நடன வகுப்பின் நோட்டீஸ். எனக்கு விருப்பம் இல்லை. ஆனால் அவள் தனக்கென்று எதையும் கேட்கிற ஆள் இல்லை என்பதால் ஒப்புக்கொண்டேன். அதன் பிறகு பன்னிரண்டு வாரம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல், மேசை நாற்காலி விற்கும் கடையின் மேல்மாடியில் உள்ள ஹாலுக்குப் போனோம்.

அங்கே எண்ணிக்கை ஒன்று, இரண்டு, மூன்று, பிறகு ஐந்து, ஆறு, ஏழு. நாலும் எட்டும் வாயில் வராது, கால் மட்டும் நிற்கும். முதல் மாதம் அந்த நாலில் நான் நின்றதே இல்லை. சமையலறையில் அவள் கரண்டியால் மேடையைத் தட்டித் தட்டி எனக்கு நிற்கக் கற்றுக்கொடுத்தாள். "பஸ்ஸ நிறுத்தத் தெரியுது, கால நிறுத்தத் தெரியலயா" என்று சிரிப்பாள்.

வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே ஜோடியாக ஆடினால் பழகிப்போகும் என்று டீச்சர் அம்மா ஜோடியை அடிக்கடி மாற்றுவார். பாட்டுச் சத்தத்தில் குரல் எடுபடாது என்பதால் உள்ளங்கையைக் குவித்து இரண்டு தட்டுத் தட்டுவார். தட்டியவுடன் பெண்கள் இருந்த இடத்திலேயே நிற்க வேண்டும். ஆண்கள் பிடித்திருக்கும் கையை விட்டுவிட்டு, வலப்பக்கம் ஓர் அடி நகர்ந்து, சிரித்த முகத்தோடு அடுத்த பெண்ணுக்குக் கை நீட்ட வேண்டும். யோசித்துக்கொண்டு நின்றால் வரிசை மொத்தமும் முட்டிக்கொள்ளும். ஒரு வகுப்பில் இருபது முப்பது முறை இது நடக்கும். ஆடுவதில் நான் கடைசி என்றாலும் இதில் மட்டும் நான்தான் முதல். விசில் கேட்டு வண்டி எடுத்துப் பழகிய உடம்பு. டீச்சர் அம்மா எல்லோரையும் நிறுத்தி, "இவரப் பாத்துக் கத்துக்குங்க, தட்டினதும் எப்படி மாறுறாரு பாருங்க" என்று சொல்லியிருக்கிறார். எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே பேசிக்கொண்டு வந்தேன்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை கடைசி வகுப்பு. வீட்டார் வந்து பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். என் மனைவி தன் அண்ணனை, அதாவது என் மைத்துனரை, அழைத்திருந்தாள். அவர் அச்சகத்தில் புத்தகம் கட்டும் வேலை செய்பவர். பெற்றோர் போன பிறகு பத்து வயதிலிருந்து இவளை வளர்த்தவர் அவர்தான். இந்த வயதில் கட்டிப் பிடித்து ஆடுவது என்ன கூத்து என்று மூன்று மாதமாக எங்களோடு சரியாகப் பேசவில்லை. வரமாட்டார் என்றே நான் நினைத்தேன். மாலை நான்கு மணிக்கு டீச்சர் அம்மா பார்க்க வந்தவர்களிடம், "நடுவுல யாரும் கை தட்டாதீங்க, எல்லாம் முடிஞ்சதும் தட்டுங்க" என்று காரணத்தையும் சொல்லிக் கேட்டுக்கொண்டார். அப்போது என் மைத்துனர் ஹாலில் இல்லை. வரலாமா வேண்டாமா என்று கீழே கடை வாசலில் நின்றுகொண்டிருந்திருக்கிறார். நான்கேகால் மணிக்கு மேலே வந்து, முன் வரிசையில் உட்கார்ந்து, கைபேசியைப் பக்கத்து நாற்காலியில் சாய்த்து வைத்துப் படம் எடுக்கத் தொடங்கினார். அண்ணன் வந்ததைப் பார்த்ததும் அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. என் காதருகே, "அண்ணன் முன்னாடி சொதப்பிடாதீங்க" என்றாள். அவள் என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.

அதன் பிறகு எங்கள் வரிசை சேர்ந்து ஆடும் முறை வந்தது. நாங்கள் வரிசையில் நான்காவது ஜோடி. எனக்கு வலப்பக்கம் ஒரு பல் டாக்டர் அம்மாவும் அவர் கணவரும் நின்றார்கள். பாட்டு நன்றாகப் போனது. நாலில் நின்றேன், எட்டில் நின்றேன். முடிவில் ஒரு சாய்ப்பு உண்டு. என் இடது கையில் அவள் கை இருக்கும், என் வலது கை அவள் முதுகில் இருக்கும். அவள் தன் பாரம் முழுவதையும் என் மேல் விட்டுத் தலையைப் பின்னால் தொங்கப் போடுவாள். இதற்கு அவள் பயந்தவள். எட்டு வாரம் பாதிப் பாரத்தைத் தன் காலிலேயே வைத்திருந்தாள். அன்றைக்குத்தான் முழுவதையும் விட்டாள். எனக்குக் கையில் தெரிந்தது.

அந்த நேரத்தில் இரண்டு கைதட்டல் கேட்டது.

என் கைகள் விட்டன. நான் வலப்பக்கம் ஓர் அடி வைத்தேன். பல் டாக்டர் அம்மாவைப் பார்த்துச் சிரித்துக் கை நீட்டினேன். அதன் பிறகுதான் பின்னால் சத்தம் கேட்டது. இதற்கு இடையில் நான் எதையும் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் விட்டிருக்க மாட்டேன்.

திங்கட்கிழமை இதே மேசையில் என் கை வேர்த்து வழுக்கிவிட்டது என்று சொன்னேன். அது பொய். அதன் பிறகு செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரி வராந்தாவில் என் மைத்துனர் தன் கைபேசியில் உள்ள படத்தை எனக்குக் காட்டினார். சத்தத்தை அடைத்துவிட்டுக் காட்டினார். தலை தரையில் படும் சத்தத்தை அவரால் கேட்க முடியவில்லை. சத்தமில்லாமல் பார்த்தால் நான் என் மனைவியைக் கீழே போட்டுவிட்டு வேறொரு பெண்ணிடம் சிரித்துக்கொண்டு போவதுதான் தெரிகிறது. எனக்கே அப்படித்தான் தெரிந்தது. "என் தங்கச்சிய விட்டுட்டு யாருக்கு கை நீட்டினீங்க மாப்பிள்ளை" என்று கேட்டார். அவர் அடித்திருந்தால் கூடத் தாங்கியிருப்பேன். அதன் பிறகு அவர் புகார் கொடுத்தார். என்னை உள்ளே விடக் கூடாது என்று வார்டில் சொல்லிவிட்டார்.

பல் டாக்டர் அம்மாவுக்கும் எனக்கும் என்ன பழக்கம் என்று கேட்டதற்கு, காலை மிதித்ததற்கு மன்னிப்புக் கேட்டது மட்டும்தான், அது ஏழெட்டு முறை இருக்கும் என்று பதில் சொன்னேன்.

கை தட்டியது யார் என்று அதிகாரி கேட்டார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். என் மைத்துனர்தான் தட்டினார். அவள் அப்படிச் சாய்ந்ததைப் பார்த்து அவருக்கு மனம் நிறைந்துவிட்டது. நாற்காலியிலிருந்து பாதி எழுந்து தட்டினார். தலைகீழாகத் தொங்கும் அவள் முகத்துக்கு மேலே நான் அவரைப் பார்த்தேன். கல்யாணமான இருபத்தாறு வருடத்தில் எங்களைப் பார்த்து அவர் கை தட்டியது அது ஒன்றுதான். அட்டை அழுத்திக் காய்த்துப்போன கை, டீச்சர் அம்மாவின் தட்டலை விடப் பலமாகக் கேட்கும். படத்தைச் சத்தத்தோடு போட்டுப் பாருங்கள், தெரியும். அவர் மேல் தப்பில்லை. விட்டது என் கை. இதை மறைக்கத்தான் வேர்வை என்று பொய் சொன்னேன். இதுவரை அவருக்கு இது தெரியாது.

புகார் கொடுத்தவருக்கு விசாரணையில் இது தெரியவரும் என்று அதிகாரி சொன்னார். அப்படியானால் அவள் கண் விழித்த பிறகு தெரியட்டும், அதுவரை என்னை வேண்டுமானால் உள்ளே வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அவள் நினைவில்லாமல் கிடப்பது இன்றோடு நாலாவது நாள். அவள் விழித்தால் முதலில் அண்ணனைத்தான் தேடுவாள். அவர் அவள் முகத்தைப் பார்க்கிற நிலையில் இருக்க வேண்டும்.

தினமும் மாலை நான்கு மணிக்கு ஒருவரைப் பத்து நிமிடம் உள்ளே விடுகிறார்கள். பழகிய ஆள் பேசினால் நல்லது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எனக்குப் பேச வராது. அவள் கையைப் பிடித்து, விரலால் ஒன்று, இரண்டு, மூன்று தட்டி, நாலில் நிறுத்துவேன். அதற்கு ஒரு கடிதம் கொடுத்தால் போதும். காவலர் கூட நிற்கட்டும். என் கையில் விலங்கு போட்டே கூட்டிப்போகட்டும், ஒரு விரல் அசைந்தால் போதும். வேறு எதையும் நான் கேட்கவில்லை.

மேலே உள்ளதை வரி வரியாக எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது. இந்த முறை இதில் பொய் இல்லை.

பதிவு செய்த அதிகாரியின் குறிப்பு: கையெழுத்திடும்படி சொல்லி, சொன்னவரை மேசையருகே நிற்க வைத்துப் பேனா கொடுக்கப்பட்டது. அந்த நேரத்தில் வெளி வராந்தாவில் காவலர் ஒருவர் தேநீர்க்காரரைக் கூப்பிட இரண்டு முறை கை தட்டினார். சொன்னவர் பேனாவைக் கீழே விட்டார். வலப்பக்கம் ஓர் அடி வைத்து, சுவரைப் பார்த்துச் சிரித்துக் கை நீட்டினார். அதன் பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார். சிறிது நேரம் கழித்து அங்கேயே பேனாவை எடுத்துக் கொடுத்ததில் கையெழுத்திட்டார். ஆஸ்பத்திரிக்கு அனுமதிக் கடிதம் பகல் இரண்டு மணிக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது.