வாசலைப் பார்த்த செருப்பு

— இன்னுமா இங்கே உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறீங்க, இல்யாஸ் எஃபெந்தி?

— மெதுவாப் பேசு, நிகார். சமையல்கட்டுப் பெரியவர் காதுல விழுந்தா அரிசியையும் சேர்த்துப் பொறுக்கச் சொல்வார்.

— விழட்டுமே. தூதராப் போற அப்பாவோட பரிவாரம் அக்கரையில நிக்குது. மத்தியானம் இஸ்பஹானுக்குக் கிளம்புறாங்க. ஷாவோட சபையில நம்ம சுல்தானுக்காகப் பாரசீகம் பேச உங்களை விட்டா ஆள் இல்லைன்னு, அப்பா உங்களுக்கு ஒரு குதிரையை இன்னும் சும்மா நிறுத்தி வச்சிருக்கார்.

— அரண்மனையில மொழிபெயர்த்த வரைக்கும் போதும். இவர் பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சொல்றதை, அவருக்குப் பன்னீர் தெளிச்சுச் சொல்லணும். இந்தத் தைக்கா மடத்துல சூஃபிங்க குழல் ஊதுறப்போ எதையும் மாத்திச் சொல்ல வேண்டாம், பாரு.

— குழலோட நான் போட்டி போட முடியுமா? நீங்க வந்தா வழியில எர்ஸுரூம் போனதும் நமக்கு நிக்காஹ். வரலேன்னா அந்த ஊரை ஆள்ற பாஷாவுக்கு என்னைக் கொடுத்திடுவார். தூதுக்கூட்டத்துக்கு வழிவிட பாஷா கேட்டதே அதுதான். இதையும் பன்னீர் தெளிச்சுச் சொல்லணுமா?

— தெரியும்.

— தெரிஞ்சுமா இப்படி உட்கார்ந்திருக்கீங்க? சரி, காலையில உங்க செருப்பைப் பார்த்தீங்களா?

— ஏன் கேக்கிறே?

— இந்தத் தைக்காவுல ஒருத்தர் வேண்டாம்னா வாயால சொல்ல மாட்டாங்க, செருப்பை வாசலைப் பார்க்கத் திருப்பி வச்சிடுவாங்க, கேள்வி கேக்காமக் கிளம்பிடணும்னு நீங்கதானே சொன்னீங்க? நேத்து சூரியன் மறைஞ்சு மஃரிப் நேரம் எல்லாரும் தொழுகையில இருந்தீங்க. நான் வந்தேன். வாசல்ல விளக்கு ஏத்தலை. குதிகால்ல நான் போட்ட தையலைத் தடவிப் பார்த்து, உங்க ஜோடியைத் திருப்பி வச்சிட்டு ஓடிட்டேன். பாவம்தான். படைச்சவன் கேட்டா பதில் சொல்லிக்கிறேன். எனக்கு நீங்க வேணும்.

— நீயா திருப்பினே?

— நானேதான். எழுந்திரிங்க, படகு நிக்குது. இது என்ன, புது அங்கி?

— விடியக்காலையில சுப்ஹு தொழுததும் எங்க குரு ஷேக் போட்டுவிட்டார். மூணு வருஷம் தைக்காவை விட்டுப் போக மாட்டேன்னு அவர் கையைப் பிடிச்சு வாக்குக் கொடுத்திட்டேன்.

— செருப்பைப் பார்த்துமா?

— பார்த்ததாலதான், நிகார். உன்கூட வந்திடணும்னுதான் இருந்தேன். ஷேக் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வரலை. அதான் நேத்து நீ வர்றதுக்கு முந்தியே, பொழுது சாயுறப்போ அஸர் தொழுகைக்கே நானே அதை வாசலைப் பார்க்கத் திருப்பி வச்சேன். காலையில சுப்ஹு தொழ வந்து பார்த்தா உள்ளே பார்த்துக்கிட்டிருந்துச்சு. படைச்சவனே ‘போகாதே’ன்னு சொல்றான்னு நெனைச்சிட்டேன்.